குவில்ட்டும் எம்ப்ராய்டரியும் ஒரே மிஷின்ல வேணுமா?

புது தையல் மிஷின் பாக்கப் போனா கடைக்காரர் முதல்ல சொல்றது எத்தனை தையல் இருக்குங்கறதுதான், 200 இருக்கு, 400 இருக்குன்னு ஸ்க்ரீன தள்ளித் தள்ளி காட்டுவாரு. குவில்ட், அதாவது ரெண்டு துணிக்கு நடுவுல பஞ்சு ஷீட் வச்சு தைக்கிற போர்வை, தைக்கிறவங்களுக்கு அதுல வேணுங்கறது நேர் தையல், ஸிக்ஸாக், வெட்டுன துணி டிசைன மேல வச்சு தைக்கிற அப்ளிக்குக்கு பிளாங்கெட் தையல், அவ்வளவுதான். நான் என்ன சொல்வேன்னா கையோட டேப் எடுத்துட்டுப் போங்க, ஊசியில இருந்து வலப்பக்கம் மிஷின் உடம்பு வரைக்கும் எத்தனை இன்ச் இருக்குன்னு முதல்ல அளங்க.

டபுள் கட்டிலுக்கு ஒரு குவில்ட்னா சுமாரா 90க்கு 100 இன்ச் வரும். நடுவுல தைக்கும்போது அதுல பாதி, 45 இன்ச் துணி, உள்ள வச்ச பஞ்சு ஷீட்டோட சேத்து சுருட்டி அந்த சந்துக்குள்ளதான் போகணும், வேற வழி கிடையாது. சாதாரண வீட்டு மிஷின்ல அந்த இடம் ஆறரை இன்ச் பக்கம்தான் இருக்கும். சுருள் உள்ள இடிச்சு நிக்கும், நாம இழுப்போம், இழுத்த இடத்துல ஊசி வளையும், தையல் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு விழும், சாயங்காலம் தோள்பட்டை விண்ணுன்னு தெறிக்கும். 10, 11 இன்ச் இருக்குற மிஷின்ல உக்காந்து தச்சுப் பாத்தீங்கன்னா அப்புறம் டிசைன் எண்ணிக்கைய யாரும் கேக்க மாட்டீங்க. ஜூக்கி டிஎல் 2010க்யூன்னு ஒண்ணு இருக்கு, நேர் தையல் மட்டும்தான் போடும், ஸிக்ஸாக் கூட கிடையாது, ஆனா இடமும் தாராளம், நிமிஷத்துக்கு 1500 தையல் வேகம், குவில்ட்காரங்க அத தேடிப் போய் வாங்குறாங்கன்னா காரணம் இதுதான்.

அடுத்தது கால் இன்ச் ஃபுட், துணி ஓரத்துல இருந்து சரியா கால் இன்ச் தள்ளி தையல் விழ வைக்கிறது. துண்டுத் துணிய சேத்து தைக்கிற பேட்ச் ஒர்க் பண்றவங்களுக்கு உயிர் இதுலதான் இருக்கு. ஒரு வரிசைக்கு 20 சதுரம் சேக்குறோம்னு வைங்க, 19 இணைப்பு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கமும் மடிப்புல ஒரு மில்லிமீட்டர் அதிகமா போச்சுன்னா வரிசை முடியும்போது 38 மில்லிமீட்டர், ஒன்றரை இன்ச் காணாமப் போயிடும். பக்கத்து வரிசையோட மூலை எப்படி சேரும்? அதனால அந்த ஃபுட் மிஷினோடயே வருதா, தனியா வாங்கணுமான்னு கேட்டுக்கோங்க. வாக்கிங் ஃபுட்டும் அப்படித்தான், கீழ இருக்குற பல்லு அடித்துணிய மட்டும் நகத்தும், மேல்துணி பின்தங்கி சுருக்கம் விழும், வாக்கிங் ஃபுட் போட்டா மேலயும் கீழயும் ஒண்ணா நகரும். ஃபாஃப் கம்பெனி மிஷின் சிலதுல இந்த வசதி உள்ளயே இருக்கு.

பல்ல கீழ இறக்க முடியுமான்னும் பாத்துக்கணும். இறக்கிட்டு கையால துணிய நகத்தி கோலம் மாதிரி வளைச்சு வளைச்சு தைக்கிறதுக்கு ஃப்ரீ மோஷன்னு பேரு, வீடியோல பாத்துட்டு இது நமக்கு வராதுன்னு பயந்துட்டு விட்டுடறாங்க. நம்ம ஊர் டெய்லரிங் கிளாஸ்ல கால்மிதி மிஷின்ல ஃபுட்ட கழட்டிட்டு ரிங் மாட்டி பூ போட்டு பழகுனவங்க எத்தனை அக்காமாருங்க இருக்காங்க, அதே கை வேலைதான் இது! அவங்க குவில்ட் பக்கம் வந்தா ரொம்ப அழகா செய்வாங்கன்னு நான் உறுதியா நம்புறேன். சென்னையில 2019ல இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்னே ஒண்ணு நடந்துச்சு, இன்னும் நெறைய பேர் இதுல வரணும்.

சரி, எம்ப்ராய்டரி. இங்க கேக்க வேண்டியது துணிய இறுக்கிப் பிடிக்கிற ஃபிரேம் அளவு, டிசைன் அதுக்குள்ளதான் போட முடியும். ஆரம்ப விலை மிஷின்ல 100க்கு 100 மில்லிமீட்டர் ஃபிரேம்தான் இருக்கும், நாலு இன்ச். குழந்தை சட்டைக்கு, கர்ச்சீஃப் ஓரத்துக்கு போதும், பிளவுஸ் முதுகுக்கு ரெண்டு மயில் போடணும்னா துண்டு துண்டா பிரிச்சு ஃபிரேம மாத்தி மாத்தி மாட்டணும், சேர்ற எடத்துல ஒரு நூலிழை தள்ளிப்போனாலும் கண்ணுக்குத் தெரியும். ஜனோமி மெமரி கிராஃப்ட் 500ஈ மாதிரி எம்ப்ராய்டரிக்கு மட்டுமே உள்ள மிஷின்ல 200க்கு 280 வரைக்கும் போடலாம், ஆனா விலை லட்சத்த தாண்டிடும்.

ரெண்டும் சேர்ந்த மிஷின் எனக்கு ஏன் ஒத்துவராதுன்னா நேரம். பிளவுஸுக்கு நெருக்கமா ஒரு டிசைன் 45,000 தையல் வரும், நிமிஷத்துக்கு 600ன்னு ஓடுனா 75 நிமிஷம், ஒத்தை ஊசிங்கறதால ஒவ்வொரு கலருக்கும் நிக்கும், நாமதான் போய் நூல் மாத்தணும். அவ்வளவு நேரமும் குவில்ட் ஒரு தையல் கூட நகராது. ரெண்டையும் தொழிலா பண்றவங்க தனித்தனியா வாங்குங்க, முதல்ல எதுல வருமானமோ அதுக்கு வாங்கிட்டு மத்தத கொஞ்ச நாள் பொறுத்து வாங்குங்க. எனக்கு குவில்ட்தான் முதல்ல, அதனால அகலமான மிஷின்தான்னு முடிவாயிடுச்சு, எம்ப்ராய்டரி மிஷின் அப்புறம். வீட்ல இருக்குற பழைய கருப்பு மிஷின குடுக்கப்போறதும் இல்ல, சதுரம் சேக்குறதுக்கு அதோட நேர் தையல் இன்னிக்கும் அருமையா இருக்கு, கரண்ட் போனாலும் ஓடும்.

கரண்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, அமெரிக்காவுல இருக்குற சொந்தக்காரங்க கிட்ட சொல்லி மிஷின் எடுத்துட்டு வரச் சொல்றவங்க கொஞ்சம் யோசிங்க. அங்க 120 வோல்ட், இங்க 230. மிஷின் அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 100-240ன்னு இல்லன்னா நேரா சொருகவே கூடாது, வோல்ட்ட குறைச்சுக் குடுக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். ரிப்பேருக்கு எங்க போறதுன்னும் இருக்கு. எங்க மெக்கானிக் அண்ணன் தெளிவா சொல்லிட்டாரு, "பல்லு, ஷட்டில், டைமிங் எல்லாம் நான் பாத்துடுவேன்மா, போர்டு போச்சுன்னா கம்பெனிக்குத்தான் அனுப்பணும்"னு. அதனால எந்த கம்பெனி எடுத்தாலும் சர்வீஸ் உங்க ஊர்லயே இருக்கான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க.

கடையில தச்சுக் காட்டுற துணி மொடமொடன்னு கஞ்சி போட்ட மாதிரி இருக்கும், அதுல எந்த மிஷின்லயும் தையல் அழகாத்தான் விழும். நீங்க உங்க துணிய கொண்டு போங்க. காட்டனுக்கு நடுவுல பஞ்சு ஷீட் வச்சு ஒரு துண்டு, நாலா மடிச்ச ஜீன்ஸ், கொஞ்சம் பட்டு. ரொம்ப மெதுவா மிதிச்சு தச்சுப் பாருங்க, அந்த வேகத்துல மிஷின் திக்குதான்னு தெரிஞ்சிடும், அப்புறம் துணிய திருப்பி அடிப்பக்கம் நூல் முடிச்சு முடிச்சா நிக்குதான்னு பாருங்க.

இன்னொண்ணு, தமிழ்ல பேர் போடுறது. குழந்தை குவில்ட்ல பேர் எழுதித் தரச் சொல்லி நெறைய பேர் கேக்குறாங்க, நான் பாத்த மிஷின்ல எல்லாம் உள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்துதான். இங்க்ஸ்டிச்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இங்க்ஸ்கேப்ங்கற படம் வரையுற சாஃப்ட்வேரோட சேந்து ஓடும், காசு கிடையாது, தமிழ் ஃபான்ட்ல எழுதி அத தையலா மாத்தி ஜனோமிக்கு ஜெஃப், பிரதருக்கு பிஇஎஸ்னு அந்தந்த மிஷின் படிக்கிற ஃபைலா சேவ் பண்ணி பென் டிரைவ்ல ஏத்திக்கலாம். அதனால மிஷின்ல யூஎஸ்பி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. 'ணை', 'ஞ' மாதிரி சுழி அதிகமா இருக்குற எழுத்த சின்ன சைஸ்ல போட்டா நூல் மேல நூல் ஏறி அடைச்சுக்குது, யாராவது அரை இன்ச்சுக்குள்ள சுத்தமா வர்ற மாதிரி தமிழ் எழுத்து செஞ்சு வச்சிருந்தா எனக்கு சொல்லுங்க.