மஞ்சள் ஃபோல்டரும் கலசம் இல்லாத கோபுரமும்

4 ஜனவரி 2025, சனி

காலையில் தப்பான கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். காதுகுத்துப் பத்திரிகை கேட்டவருக்கு மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. 50 தாளில் கவனித்தேன், நல்லவேளை. தப்பு என்னுடையதுதான். கடை கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் எண்ணிப் பார்த்தேன், 61 ஃபோல்டர். அத்தனையும் ஒரே மஞ்சள். தை பிறக்கப்போகிறது என்றாலே பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் துணிக்கடை நோட்டீஸும் ஒன்றாக வந்து விழும். பெயரை யார் படிக்கிறார்கள்? கை போன இடத்தில் கிளிக் செய்கிறேன்.

கடையைச் சாத்துவதற்கு முன் ஒரு வேலை பார்த்தேன். ஃபோல்டரின் அடையாளமாக நிற்கும் சின்னப் படத்தை, அதாவது ஐகானை, மாற்றினேன். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான். ஷெல்32.டிஎல்எல் என்ற கோப்புக்குள் விண்டோஸ் ஏகப்பட்ட படங்களை அடைத்து வைத்திருக்கிறது. மரம், சாவி, நட்சத்திரம், பூட்டு. இமேஜ்ரெஸ்.டிஎல்எல் என்று இன்னொரு கிடங்கும் உண்டு. கல்யாணத்துக்கு நட்சத்திரம் வைத்தேன். பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பூட்டு.

6 ஜனவரி, திங்கள்

பூட்டு போட்ட ஃபோல்டரை ஒரு வாடிக்கையாளரே பார்த்துவிட்டார். "என் ஃபைலுக்கு மட்டும் ஏன் பூட்டு, பாஸ்?" என்றார். ரகசியமாக வைத்திருக்கிறேன் என்று சமாளித்தேன்.

இனி சொந்தப் படம்தான். தாலிக்கயிறு, தோடு, கலசம், சட்டை என்று நான்கு படம் வரைந்தேன். சாதாரணப் படக்கோப்பான பிஎன்ஜியின் பெயரை மட்டும், விண்டோஸ் ஐகானுக்குக் கேட்கும் ஐசிஓ என்று மாற்றிக் கொடுத்தால் விண்டோஸ் ஏமாறவில்லை. ஐசிஓ என்பது ஒரு படம் அல்ல, ஒரே படத்தின் பல அளவுகளை அடுக்கி வைத்த டப்பா. 16, 32, 48, 256 பிக்சல் என்று வேண்டும். பெரிதாகப் பார்க்கும்போது ஒன்றை எடுக்கும், பட்டியலாகப் பார்க்கும்போது இன்னொன்றை. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு அளவையும் ஒரு லேயராக வைத்து ஐசிஓவாக ஏற்றுமதி செய்தால் சரியாக வருகிறது.

256-இல் தாலிக்கயிறு அழகாக இருந்தது. 16-இல் மண்புழு. பெரிய படத்தைச் சுருக்கினால் போதாது, சின்னதைத் தனியாக வரைய வேண்டும் என்று இரவு பதினொரு மணிக்குப் புரிந்தது. கயிற்றை விட்டுவிட்டு மஞ்சள் கிழங்கு ஒன்றை மட்டும் வைத்தேன். இப்போது தெரிகிறது.

8 ஜனவரி, புதன்

இரண்டு தொல்லை. படத்தை மாற்றினாலும் பழைய படமே நிற்கிறது. விண்டோஸ் ஒருமுறை பார்த்த ஐகானைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். ரன் பெட்டியில் ஐஇ4யூஇனிட் கட்டளையை 'ஷோ' என்பதோடு (ie4uinit.exe -show) அடித்தேன், புதுசு வந்தது. டாஸ்க்பாரில் குத்தி வைத்தவை அதற்கும் மசியவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்த வேண்டியிருந்தது.

அடுத்தது பென்டிரைவ். பிளக்ஸ் அடிப்பவரிடம் கொண்டுபோனால் அங்கே என் தோடும் இல்லை கலசமும் இல்லை, பழையபடி மஞ்சள். ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப்.இனி என்று மறைந்திருக்கும் ஒரு கோப்பில்தான் ஐகானின் முகவரி இருக்கிறது. நான் கொடுத்தது என் கடை கம்ப்யூட்டரின் சி டிரைவ் முகவரி. அவர் கம்ப்யூட்டரில் அந்த வீடே இல்லையே! ஐசிஓ கோப்பையும் அதே ஃபோல்டருக்குள் போட்டு, முகவரியில் கோப்பின் பெயரை மட்டும் விட்டதும் சரியாகிவிட்டது.

10 ஜனவரி, வெள்ளி

ஆசை போனுக்குத் தாவியது. போனின் முகப்பையே மாற்றும் லாஞ்சர் ஆப் ஒன்றையும், ஆப்புகளுக்குப் புதுப் படம் தரும் ஐகான் பேக் ஒன்றையும் இறக்கி, கறுப்பு வால்பேப்பரில் எல்லா ஆப்பையும் தங்கக் கோடாக்கினேன். நகைக்கடைப் பெட்டி போல இருந்தது. நேற்று இரவு இதையே பத்து தடவை திறந்து மூடிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இன்று திருவொற்றியூர் போக மெட்ரோ. கேட்டுக்கு முன்னால் நின்று டிக்கெட்டின் க்யூஆரைத் திறக்க வேண்டும். எது டிக்கெட் ஆப்? எல்லாம் தங்கம், எல்லாம் கோடு. கால்குலேட்டர் திறந்தது. அடுத்து ரேடியோ. பின்னால் நின்ற அம்மா கூடையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினார். நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

61 மஞ்சள் ஃபோல்டரைத் திட்டிவிட்டு, காசு கொடுத்து 61 தங்க ஃபோல்டரை வாங்கி வைத்திருக்கிறேன். கூகுளும் 2020 அக்டோபரில் இதைத்தான் செய்தது. ஜிமெயில், காலண்டர், டிரைவ், மீட் எல்லாவற்றுக்கும் அதே நான்கு நிறத்தைப் பூசியது. குடும்ப ஒற்றுமை நல்லதுதான். ஆனால் அவசரத்தில் அண்ணனைக் கூப்பிட்டால் தம்பி வந்து நிற்கிறான்.

12 ஜனவரி, ஞாயிறு

அக்கா மகள் ராயபுரத்திலிருந்து வந்திருந்தாள். அவள் ஐபோனில் எல்லாம் வெளிர் ஊதா. 2020-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14 வந்தபோது உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் செய்தார்கள். ஷார்ட்கட்ஸ் ஆப்பில் 'இந்த ஆப்பைத் திற' என்று ஒரு கட்டளை எழுதி, அதற்கு ஒரு படம் ஒட்டி, ஹோம் ஸ்க்ரீனில் வைப்பது. ஐகான் மாறியதாகத் தெரியும், உண்மையில் அது வேறு கதவு. முதலில் ஷார்ட்கட்ஸ் திறந்து, அப்புறம்தான் ஆப் திறக்கும். 14.3-இல்தான் அந்தச் சுற்று நின்றது. இன்றும் அப்படி வைத்த ஐகானில் 'இத்தனை செய்தி வந்திருக்கிறது' என்ற சிவப்பு எண் வராது.

"இப்போ அவ்ளோ கஷ்டம் வேண்டாம் மாமா. ஐஓஎஸ் 18-ல அழுத்திப் பிடிச்சு எடிட் போட்டா எல்லாத்துக்கும் ஒரே கலர் ஏத்திடலாம்" என்றாள். செய்தும் காட்டினாள். ஆண்ட்ராய்டு 13-இலும் வால்பேப்பர் நிறத்தில் ஐகானை மாற்றும் வசதி உண்டு. ஆனால் ஒற்றை நிறப் படத்தை அந்த ஆப்காரர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவை பழைய நிறத்திலேயே நிற்கும், சீருடைப் பள்ளியில் கலர் டிரஸ் போட்டு வந்த பிள்ளை மாதிரி.

ஊதாவில் அவளுக்குத் தேட வேண்டியதே இல்லை. பார்க்காமலே கட்டைவிரல் போகிறது. பதினேழு வயதுக்கு அது சரி.

14 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

நேற்றைய போகிப் புகை இன்னும் தொண்டையில் இருக்கிறது.

அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். 15 நேர்ப்புள்ளி, நடுவில் பானை, இரண்டு பக்கமும் கரும்பு. அவள் கோலநோட்டைப் புரட்டினேன். பழைய கட்டம் போட்ட கணக்கு நோட்டு. புள்ளிக்குள் அடங்கும்படி மயிலையும் குத்துவிளக்கையும் சுருக்கி வைத்திருக்கிறாள். மயிலுக்கு இறகு முழுசாக இல்லை, நான்கு வளைவுதான். ஆனால் மயில்.

ஆப்பிளின் முதல் மேக்கிண்டாஷுக்கு சூசன் கேர் ஐகான் வரைந்ததும் கட்டம் போட்ட தாளில்தான். 32க்கு 32, மொத்தம் 1024 கட்டம். ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சிரிக்கும் கம்ப்யூட்டர், குப்பைத்தொட்டி, வெடிகுண்டு எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வந்தவை. 1990-இல் விண்டோஸ் 3.0-இன் சீட்டாட்டத்துக்குச் சீட்டு வரைந்ததும் அவர்தான். எட்டு நாள் முன்பு 16 பிக்சலில் மண்புழு வரைந்த எனக்கு, அம்மா நோட்டை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

சாயங்காலம் தங்கக் கோடு முழுவதையும் எடுத்துவிட்டேன்.

19 ஜனவரி, ஞாயிறு

அம்மா போன். எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பியை வாட்ஸ்அப்பில் கூப்பிடப் போய், சாதாரணக் காலில் வெளிநாட்டு எண்ணுக்கு அடித்து, ரீசார்ஜ் பணம் கரைகிறது. திட்டிக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தேன். போன் செய்யும் ஆப் பச்சை. வாட்ஸ்அப்பும் பச்சை. இரண்டுக்குள்ளும் அதே ரிசீவர். "இன்னாடா, ரெண்டும் ஒரே மாரி கீது. நான் எதைன்னு கண்டேன்?" என்றாள். நியாயம்தான். எங்கள் வீட்டில் ரிசீவர் வைத்த போன் இருந்ததே இல்லை. மளிகைக்கடை போனுக்கு அடித்து எங்களைக் கூப்பிடச் சொல்லும் பிபி நம்பர்தான். அந்தப் படம் அவளுக்கு எதையும் சொல்லாது.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஓட்டுப் போடும்போது மட்டும் தடுமாறியதே இல்லை. 1951-52-இல் முதல் பொதுத்தேர்தலின்போது படிக்கத் தெரியாதவர்களை நினைத்துத்தான் சின்னம் கொண்டுவந்தார்கள். பெட்டிமேலேயே சின்னம் ஒட்டியிருந்ததாம். எந்தச் சின்னமும் இன்னொன்றைப் போல இருக்கக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை இந்த ஆப்காரர்களுக்கு இல்லை.

வாட்ஸ்அப்பில் தம்பியின் சாட்டைத் திறந்து, ஷார்ட்கட்டை முகப்பில் வைத்தேன். அவன் முகமே ஐகான். கேஸ் புக் செய்வதற்கு நான் வரைந்த சிலிண்டரைக் காட்டினேன். "இது இன்னா, பிளாஸ்கா?" என்றாள். அடுப்படியில் இருக்கும் சிலிண்டரையே வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்துப் போட்டோ எடுத்தேன். கரண்ட் பில்லுக்கு எங்கள் மீட்டர் பெட்டி. பின்னணியில் சுவரும் ஒயரும் இருந்த போட்டோ சின்ன அளவில் குழம்பிப்போனது, நெருங்கி எடுத்ததும் சரியானது.

பக்திப்பாட்டு ஆப்புக்கு திருவொற்றியூர் கோயில் கோபுரம் வேண்டும் என்றாள். வைத்தேன். வட்டமாக வெட்டி, மேலே கலசத்தைக் காணோம்.

"கலசம் இல்லாம கோபுரமாடா? எடு அதை."

ஆண்ட்ராய்டு 8-லிருந்து இப்படி. ஐகானை 108 அலகு சதுரமாகக் கொடுக்க வேண்டும். நடுவில் 72 தான் கண்ணுக்குத் தெரியும். அதையும் ஒரு கம்பெனி வட்டமாக வெட்டும், இன்னொன்று முனை மழுங்கிய சதுரமாக வெட்டும். எப்படி வெட்டினாலும் தப்புவது நடுவில் இருக்கும் 66 அலகு வட்டம் மட்டுமே. கோபுரத்தை அந்த வட்டத்துக்குள் சுருக்கி, சுற்றிலும் நீலவானம் நிரப்பினேன். கலசம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பணம் அனுப்பும் ஆப்பையும் வங்கி ஆப்பையும் தொடவில்லை. 'கல்யாணப் பத்திரிகை' என்று சொல்லி, போனில் ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, திறந்தால் பணத்தை உருவுகிறார்கள். அந்த மாதிரி கோப்பு எந்த ஐகானை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு வரும். அதனால் பணம் சம்பந்தப்பட்டது மட்டும் அசல் முகத்தோடு, அவள் பழகிய இடத்திலேயே இருக்கட்டும். கடையில் நானும் இப்போது பத்திரிகையை பிடிஎஃப் ஆக மட்டும்தான் அனுப்புகிறேன்.

22 ஜனவரி, புதன்

அழகாக இருக்கட்டும் என்று அம்மா போனில் சிலிண்டரையும் மீட்டரையும் இடம் மாற்றி ஒரே வரிசையில் வைத்தேன். படம் அதேதான். காலையில் கேஸுக்கு பதில் கரண்ட் பில் திறந்துவிட்டாள். எனக்கு விழுந்த திட்டில் எழுதக்கூடியது இது: "என் அஞ்சறைப் பெட்டில கடுகு இருந்த குழில வெந்தயத்தை வெச்சுட்டு, கடுகுக்கு கலர் வேறதானேன்னு சொல்வியா?"

பழைய இடத்தில் திருப்பி வைத்து, முகப்பைப் பூட்டும் வசதியையும் போட்டுவிட்டேன். இனி தெரியாமல் விரல் பட்டாலும் நகராது.

26 ஜனவரி, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போனோடு வந்துவிட்டார். அம்மா காட்டியிருக்கிறாள். அவருக்கு ஜெபப்பாட்டு ஆப்பில் அந்தோணியார் படம் வேண்டும். கையில் கொண்டுவந்த போட்டோவில் அந்தோணியாரின் தலை சட்டத்தின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"இது ஆவாது ஸ்டெல்லா, தலையை வெட்டிடுவான். தள்ளி நின்னு எடுத்துனு வா. வட்டத்துக்குள்ள அடங்கணும்."

அக்கா வேறு போட்டோ எடுக்கப் போயிருக்கிறார்.