டியூட்டி யார் தலையில்?

திருப்பூர் பனியன் கம்பெனியில், வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வரும் முன் நான் படித்தது பொருளாதாரம். 1817-இல் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ எழுதிய ஒப்பீட்டு அனுகூலம் பரீட்சையில் தப்பாமல் வரும். இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் தயாரிக்கட்டும், மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் லாபம். சரி, நாட்டுக்கு லாபம். நாட்டுக்குள் யாருக்கு? அதை, ஒரு பீஸுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் காஸ்டிங் ஷீட்டில்தான் பார்த்தேன்.

ஒரு ரவுண்ட் நெக் டி-சர்ட். நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் கூட்டி எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையான விலை) 2.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான் சேர்ந்த காலத்தில் ஐரோப்பாவில் இந்திய ஆயத்த ஆடைக்குச் சுங்க வரி (டியூட்டி) 9.6 சதவீதம், அதாவது 24 சென்ட். வங்கதேசத்துக்குப் பூஜ்யம். மிக ஏழை நாடுகளுக்கு, ஆயுதம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் கொடுத்த சலுகை அது. 2011 முதல் துணியை வெளிநாட்டில் வாங்கித் தைத்தாலும் சலுகை உண்டு என்று விதியைத் தளர்த்தினார்கள். நூலிலிருந்து பேக்கிங் வரை ஊருக்குள்ளேயே முடிக்கும் திருப்பூரின் பலம் அதன்பின் பெரிதாக எடுபடவில்லை.

பையர் சுற்றி வளைக்க மாட்டார். "டாக்காவில் இதைவிடக் கம்மி" என்பார். முதலாளி ஷீட்டை வாங்கி வரிவரியாகப் பார்ப்பார். நூல் விலை மில்காரர் கையில். டையிங்கிலும் கை வைக்க முடியாது; நொய்யல் மாசு வழக்கில் 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து சுத்திகரிப்புச் செலவும் கட்டணத்தோடு சேர்ந்துவிட்டது. பாக்கி இருப்பது தையல் கூலி. 24 சென்ட்டையும் அதில் எடுக்க முடியாது, மொத்தக் கூலியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு, பீஸுக்கு ஐம்பது பைசா குறைப்பார். தையலை எடுத்துச் செய்யும் பவர் டேபிள் கான்ட்ராக்டர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டு, அதை ஓவர்லாக் டெய்லரிடம் பிடிப்பார்.

சலுகையே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2013-இல் வங்கதேசத்தில் ரானா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். 2018-இல் அங்கே நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் அந்த நாட்டுப் பணத்தில் மாதம் 8,000 டாக்காதான். அவர்களுக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் அந்த உதவியில் ஒரு பங்கை, ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்து இங்கே தைக்கிற பையனும் கொடுக்கிறான். அவனைக் கேட்டு யாரும் வாங்கவில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது, வங்கதேசத்துக்கு 20. அந்த வித்தியாசத்தைக் கூலி குறைத்துச் சரிக்கட்ட வழியே இருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டானது. ஒரு ஷிப்ட் சம்பளம் சாப்பாட்டுக்கும் ரூம் வாடகைக்கும் போய்விடும். ஊருக்கு அனுப்பும் பணம் அந்த அரை ஷிப்ட்டில் வருவது.