கேடயத்தின் உட்புறத்திலிருந்து படியுங்கள்

முதுகலை வரலாற்றில் பண்டைய நாகரிகங்கள் தாளை முதன்முறை எழுதியபோது, கிரேக்க, ரோமானியப் போர்முறைகளை ஒப்பிடும் பத்து மதிப்பெண் வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதியும் எனக்கு மூன்று மதிப்பெண்ணே கிடைத்தது. போர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதியிருந்தேனே தவிர, அந்தப் படைகள் ஏன் அப்படி அணிவகுத்தன என்பதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. மறுமுறை அதே பாடத்தைக் கேடயத்திலிருந்து தொடங்கிப் படித்தேன். இத்தாளை எழுதவிருப்பவர்களுக்கும் அந்த வழியையே சொல்வேன்.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை 90 செ.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டி, நடுவில் முன்கை நுழையும் பட்டை ஒன்றையும் விளிம்போரம் பிடித்துக்கொள்ளக் கயிறு ஒன்றையும் கட்டினேன். ஹாப்லைட் எனப்பட்ட கிரேக்கக் காலாள் வீரனின் அஸ்பிஸ் என்னும் வட்டக் கேடயம் இந்த அமைப்பிலேயே இருந்தது; நடுப்பட்டைக்குப் போர்பாக்ஸ் என்றும் விளிம்புப் பிடிக்கு ஆன்டிலாபே என்றும் பெயர். முழங்கை வட்டத்தின் நடுவில் அமைவதால், கேடயத்தின் பாதியளவு என் உடலைத் தாண்டி இடப்புறம் நீண்டிருப்பதைக் கண்ணாடியில் கண்டேன். கி.மு. 418இல் நடந்த மாண்டினியா போரைப் பற்றி எழுதும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஒவ்வொரு வீரனும் மறைப்பில்லாத தன் வலப்புறத்தை அடுத்தவனின் கேடயத்துக்குள் ஒடுக்கிக்கொள்ள முயல்வதால் படை முழுவதுமே வலப்பக்கமாக நகர்ந்துவிடும் என்று கூறுவது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. வீரன் பக்கவாட்டில் திரும்பி நின்றால் கேடயம் அவனையே மறைக்கும் என்று வாதிடும் அறிஞர்களும் உள்ளனர். அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். ஆறு முதல் எட்டுக் கிலோ வரை கனத்த அந்தக் கேடயம் உட்குழிவாக இருந்ததால், அதன் விளிம்பைத் தோளில் தாங்கவைத்துக் கையின் சுமையைக் குறைக்க முடிந்தது.

ரோமானியரின் ஸ்கூட்டம் என்னும் கேடயத்தில் முன்கைப் பட்டை கிடையாது. நடுக்குமிழுக்குப் பின்னால் உள்ள கிடைமட்டப் பிடியை ஒரே கை பற்றுவதால், கேடயத்தை முன்னே தள்ளிக் குமிழால் எதிரியை இடிக்கவும் முடியும். இரண்டு அடுக்குப் பலகையை ஒட்டி, அதன்மேல் துணியும் கன்றுத் தோலும் போர்த்தி, மேல், கீழ் விளிம்புகளுக்கு இரும்புப் பூண் இட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கிறார். வாள் வீசுவதற்கு ஒவ்வொருவருக்கும் தனி இடம் வேண்டியிருந்ததால், ரோமானிய அணி மாசிடோனிய அணியைவிடத் தளர்வாக நின்றது என்பதையும் அவரிடமிருந்தே அறிகிறோம்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள் இரண்டு. மாசிடோனிய வீரன் சரிசா என்னும் நீண்ட ஈட்டியை இரு கைகளாலும் பிடித்ததால், அவனது சிறிய கேடயம் வாரில் தொங்கியது. எனவே, கி.மு. 168இல் பிட்னாவில் ரோமானியர் மாசிடோனியரை வென்றதை விளக்கும்போது அங்கே அஸ்பிஸைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அடுத்து, திரைப்படங்களில் நாம் காணும் செவ்வக ஸ்கூட்டம் பேரரசுக் காலத்துக்கு உரியது. குடியரசுக் காலத்தில் அது நீள்வட்டமாக இருந்தது. சிரியாவின் தூரா யூரோப்போஸில் கிடைத்து, இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ள செவ்வகக் கேடயம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்கத்துக்குச் சான்று தேவையென்றால், கி.மு. 425இல் பைலோஸில் ஸ்பார்ட்டரிடமிருந்து கைப்பற்றியதாக ஏதெனியர் எழுத்துப் பொறித்த வெண்கலக் கேடயத்தைக் காட்டலாம்; அது ஏதென்ஸின் அகோரா அருங்காட்சியகத்தில் உள்ளது.

மறுமுறை எழுதியபோது, இரு கேடயங்களின் உட்புறத்தையும் பென்சிலால் சிறிதாக வரைந்து, கை நுழையும் இடத்தை மட்டும் அம்புக்குறியால் காட்டிவிட்டே விடையின் முதல் வரியைத் தொடங்கினேன்.