வள்ளத்துக்கு மறுபடியும் பாய்

2023 ஏப்ரல் 16, ஞாயிறு

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தஞ்சாவூர்க் கரையிலுள்ள மல்லிப்பட்டினத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் மராமத்துக்கு ஏறுவதால் ஓடாவி கிடைப்பது குதிரைக்கொம்பு. (படகு ஆசாரியைப் பழைய ஆட்கள் இன்னும் ஓடாவி என்றுதான் சொல்வார்கள்.) எங்கள் நாட்டுப்படகுக்குத் தடையே கிடையாது. அதனாலேயே வரிசையில் நாங்கள் கடைசி. "ஞாயித்துக்கெழம மட்டும் வர்றேன் தம்பி, சம்மதமா?" என்றார் பெரியவர். எனக்கும் அலுவலகம் விடுமுறை அன்றுதான். சரி என்றேன்.

வள்ளம் 28 அடி. அயினிப் பலகை, நாட்டுக்கருவேல் வங்கு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைந்த விலாக்கட்டை). 1989இல் தாத்தா கட்டியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அதைக் கரையிலிருந்து தூக்கித் தென்னந்தோப்புக்குள் போட்டது. போதாதென்று ஒரு தென்னை அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், விழுந்து விளிம்புப் பலகையை நொறுக்கியது. அப்பா அப்புறம் ஒரு பைபர் படகு வாங்கிவிட்டார். வள்ளம் நாலரை வருடமாக அங்கேயே கிடக்கிறது. கோழி அடைகாக்க வசதியாக இருந்தது என்று அம்மா சொல்கிறாள்.

என் திட்டம்: மரத்தைச் சரிபார்த்து, இன்ஜினை எடுத்துவிட்டு, முன்பு இருந்த மாதிரி பாய் கட்டுவது. அப்பாவிடம் சொன்னேன். "கிறுக்குப் பய" என்றார், கையிலிருந்த நண்டு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏப்ரல் 23

இன்று முழுக்கத் தட்டிப் பார்க்கும் வேலை. ஓடாவி சின்னச் சுத்தியலோடு அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, ஆரம்பித்தார். நல்ல பலகை 'டங்' என்கிறது, கெட்டது 'பொத்' என்கிறது. அரை மணியில் எனக்கே காது பழகிவிட்டது.

ஏராவுக்கு (வள்ளத்தின் அடிக்கட்டை) மேல் இரண்டாவது பலகையில் உளியை வைத்து அழுத்தினார். மேல்தோல் மட்டும் அட்டை மாதிரி விலக, உள்ளே தேன்கூடு! விரல் நுழையும் துளைகள், ஒவ்வொன்றின் உட்சுவரிலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம். கப்பற்புழுவின் வேலை. புழு என்று சொன்னாலும் அது சிப்பிச் சாதி. தலைப்பக்கம் இருக்கிற இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை அரம் போல ராவிக்கொண்டே உள்ளே போகும், போகிற வழிக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். குஞ்சாக இருக்கும்போது நுழைகிற வாசல் குண்டூசித் தலை அளவுதான், அதனால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரையேறிய பிறகு எல்லாம் செத்திருக்கும். ஆனால் தின்றது தின்றதுதான்.

"மாசம் ஒருதரம் கரையேத்தி அடியில ஓலையக் கொளுத்திக் காட்டணும்" என்றார் ஓடாவி. "அதெல்லாம் காட்டுனோம்" என்று அப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

கணக்கு: ஐந்து பலகை, ஏழு வங்கு போச்சு. ஏரா கெட்டி.

ஏப்ரல் 30

மர வேட்டை. அயினிக்கு அலைச்சல் இல்லை, கேரளாவிலிருந்து வந்த பலகை பட்டுக்கோட்டையில் கிடைத்தது. வங்குக்குத்தான் பாடு. நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்திலேயே ஒடியும். மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும், அந்த வளைவு நம் வள்ளத்தின் வயிற்றுக்கும் பொருந்த வேண்டும். ஓடாவி கம்பியை வளைத்து ஏழு அச்சு எடுத்துக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரைகளில் ஒவ்வொரு கருவேல மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மே 7

கத்திரி தொடங்கி நாலாம் நாள். ஏற்கெனவே காய்ந்த வள்ளம், இப்போது இரண்டு பலகைக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறது.

பைபர் சண்டையும் இன்றுதான். அப்பா சொன்னது: "பலகையெல்லாம் மாத்தி எதுக்குக் காசக் கொட்டுற? மேல ரெண்டு அடுக்கு பைபர் மேட் போட்டு ரெசின் பூசு, பத்து வருசத்துக்குக் கேள்வி கிடையாது." அவர் படகு பைபர்தான், நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடாவி மறுத்தார். புதுசாக மொத்தமும் பைபரில் வார்ப்பது வேறு, பழைய மரத்துக்கு மேலே போர்த்துவது வேறு. மரம் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பைபர் அசையாது. எங்காவது விரிசல் விட்டு, உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை மக்க வைக்கும். "சீக்காளிக்குச் சட்டை போட்டு மறைக்கிற மாதிரி" என்றார். அப்பா பீடியைப் பற்றவைத்தார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை, பேச்சை முடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மே 14

ஒரு மரக்கடையில் முன்பணம் கொடுத்துவைத்த வங்குக் கட்டைகள் வந்தன. ஓடாவி பட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஏழில் மூன்று சீமைக்கருவேல். போன காசு போனதுதான். விறகாகிறது.

மே 21

இன்ஜினை இறக்கினோம். ஒற்றைச் சிலிண்டர் டீசல், நாலு பேர் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருந்தது. அதன் கீழே, எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில், பாய்மரம் நின்ற குழிக்கட்டை. அப்பா 1996இல் இன்ஜின் வைக்கும்போது அதை எடுக்காமல் மேலேயே பலகை அடித்திருக்கிறார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "நேரமில்ல" என்றார்.

நான் பாய் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இங்கே கரையோரம் மார்பளவுத் தண்ணீரில்கூடக் கடற்புல் மண்டிக் கிடக்கிறது. அதை மேயத்தான் கடற்பசு வருகிறது. 2022 செப்டம்பரில் எங்கள் தஞ்சாவூர்க் கரையும் புதுக்கோட்டைக் கரையும் சேர்த்து 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜின் விசிறி சுழன்றால் புல் கத்தை கத்தையாக மிதந்து வரும். பாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. டீசல் செலவும் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "கடப்பசு உன்ன வீட்டுக்குக் கொண்டாந்து விடுமா?" என்றார்.

மே 28

கலப்பத்து, பலகை இணைப்புகளைத் தண்ணீர் புகாமல் அடைப்பது. இந்த வேலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பஞ்சைத் திரியாகத் திரித்து, எண்ணெயில் நனைத்து, மழுங்கிய உளியால் இணைப்புக்குள் அடிக்கிறார். மேலே குங்கிலியத்தைக் காய்ச்சி எண்ணெய் சேர்த்துப் பூச்சு. தெருவே கோயில் மாதிரி மணக்கிறது.

நான் ஆர்வத்தில் ஒரு இணைப்பில் திரியை இறுக்கி இறுக்கி அடித்தேன். ஓடாவி கையைப் பிடித்தார். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருக்கும். இப்போதே இடமில்லாமல் அடைத்தால், ஊறும்போது பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். நான் அடித்ததை எல்லாம் உருவி மறுபடி அடித்தோம், அதற்கு ஒரு மணி நேரம்.

ஜூன் 4

அடிப்பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம், புழுவுக்கு எதிராக. உறை போட்டுக்கொள் என்றார்கள். கேட்கவில்லை. முழங்கை வரை கொப்புளம். அலுவலகத்தில் ஒரு வாரம் முழுக்கைச் சட்டை.

ஜூன் 11

சவுக்கில் பாய்மரம், மூங்கிலில் பருமல் (பாயைக் கட்டும் குறுக்குக்கழி). தாத்தா காலத்தில் காடாத் துணிப் பாய். நான் தார்ப்பாய் வாங்கி, தையற்காரரிடம் கெஞ்சித் தைத்தேன். முக்கோணம்தான், ஆனால் வயிறு சரியாக விழவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தானாகவே பேசினார். 1992 மாசி மாதம். தாத்தாவும் அவரும் இன்னும் இரண்டு பேரும். நல்ல சீலா மீன் பட்டிருக்கிறது. திரும்பும்போது காற்று செத்துவிட்டது. ஒரு பகல், இரண்டு ராத்திரி கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்ததாம். பனிக்கட்டி கிடையாது. மீன் கண்ணெதிரே அழுகியது. மாறி மாறித் தண்டு (துடுப்பு) வலித்தார்கள். இரண்டாம் நாள் விடியும்போது மனோரா தெரிந்தது, நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடச் சரபோஜி மன்னர் கட்டிய அதே எட்டு மாடிதான். தெரிந்த பிறகும் கரை சேர நாலு மணி நேரம். மீனையெல்லாம் கடலிலேயே கொட்டியாயிற்று. தாத்தாவுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து தண்டிலேயே ஒட்டியிருந்தது.

"ஒங்கம்மா சங்கிலிய வச்சு வாங்குன இன்ஜின்டா அது. ஒனக்கு ஏதோ பாவம் பண்ணுன மாதிரி தெரியுது."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். பாய் கட்டிக்கொள், ஆனால் அவர் பழைய லாங் டெயில் இன்ஜின் (நீளத் தண்டின் நுனியில் விசிறி உள்ளது) அமரத்தில் மாட்டியிருக்க வேண்டும், டீசலோடு. சரி என்றேன்.

ஜூன் 18, அமாவாசை

தண்ணீர் ஏறும் நாள் என்று இன்றைக்கு வைத்தோம். மூன்று நாளாக உள்ளே தண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்கு போர்த்தி ஊறவைத்திருந்தோம். அப்பாவின் யோசனை. தென்னங்கட்டைகளை உருளையாகப் போட்டுத் தள்ள இருபது பேர். தேங்காய், எலுமிச்சை, மஞ்சள் துணி, எல்லாருக்கும் டீ.

இறங்கிய முதல் மணி நேரத்தில் பதினேழு வாளி இறைத்தேன். ஓடாவி கவலைப்படவில்லை. சாயங்காலம் மணிக்கு நாலு வாளி.

ஜூன் 25

மணிக்கு ஒரு வாளிகூட இல்லை.

காலை ஏழு மணிக்குக் கச்சான் என்கிற மேல்காற்றில் பாயை ஏற்றினோம். சித்தப்பா மகன் பக்கவாட்டுப் பலகையில் வெளியே போய் உட்கார்ந்தான், நான் சுக்கான். அப்பா வரவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முப்பது பாகம் (ஒரு பாகம் இரண்டு கையையும் விரித்த நீளம்) போவதற்குள் எழுந்து நின்று கத்தினார்: "தாமான விடு! இன்னும் விடு!" தாமான், பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு. தளர்த்தி விட்டேன். பாய் வயிறு நிரம்பியது, வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. சத்தமே இல்லை, பலகையில் தண்ணீர் உரசுகிற சத்தத்தைத் தவிர. கீழே கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது தெரிந்தது.

பதினொரு மணிக்குக் காற்று செத்தது. பாய் துணியாகத் தொங்கியது. கால் மணி நேரம் காத்திருந்தோம். அவன் என்னைப் பார்த்தான், நான் மனோராவைப் பார்த்தேன். அப்புறம் போய் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அதுவரை அப்பா வெயிலில் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். இன்ஜின் சத்தம் கேட்டதும் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சோறு ஆகிவிட்டதா என்று கேட்டபடி வீட்டுக்கு வந்தார் என்று அம்மா சொன்னாள்.