போன் தொலைந்தது ஒரு நொடியில், முடங்கியது ஐந்தாம் நாள்

திங்கள்கிழமை சாயங்காலம், மூச்சுவிட இடமில்லாத மாநகரப் பஸ். இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் சட்டைப் பை லேசாக இருப்பது உறைத்தது. சட்டைப் பையில் போன் வைக்காதே என்று வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு ஓடி, மனைவியின் போனிலிருந்து முதலில் பேங்க், அடுத்து சிம் கம்பெனி. இரண்டும் கால் மணி நேரத்தில் முடிந்தன. சிம்மை நிறுத்திவிட்டால் போனுக்கு நெட் போய்விடும், அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுவது கஷ்டம் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் போனைத் தேடுவதற்கு முன் சிம்மை நிறுத்த வேண்டும் என்பேன். திருடனுக்கு நம் போன் லாக்கைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சிம்மை உருவி வேறு போனில் போட்டால் போதும், ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால், சிம்மை எந்த போனில் மாற்றினாலும் பின் நம்பர் கேட்கும். நான் போட்டு வைக்கவில்லை.

மறுநாள் காலை டூப்ளிகேட் சிம் வாங்கப் போனேன். முக்கால் மணி நேர வரிசை. ஆதாரை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது உங்க பேர்ல இல்லையே?" காலேஜ் சேர்ந்தபோது அப்பா தன் பெயரில் வாங்கிக் கொடுத்த நம்பர் அது. பதினைந்து வருஷமாக என் நம்பர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தஞ்சாவூரில் இருக்கிறார். "அவர் நேர்ல வரணும் சார். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றிரவே அப்பா பஸ் ஏறினார். "என் பேர்ல இருக்கிறது அந்த ஒரு நம்பர்தான், அதையும் தொலைச்சுட்டியாடா?" என்றார்.

அவர் வருவதற்குள் ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, தேடி எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அது இல்லாமல் போனை எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்க முடியாது. பதினைந்து இலக்கம். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண். பெட்டியில் ஒட்டியிருக்கும், ஆனால் பெட்டி போகிக்கு வீடு சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தது. *#06# அழுத்தினால் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அழுத்துவதற்குப் போன் வேண்டுமே.

தொலைந்த போனைத் தேடும் கூகுள் பக்கத்துக்குப் போய், போன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'i' குறியைத் தொட்டால் ஐஎம்ஈஐ தெரியும். லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டேன். "உங்கள் போனில் 'ஆம்' என்று தட்டவும்" என்று வந்தது. வேறு வழி? எஸ்எம்எஸ். நம்பர்தான் நின்றுபோயிற்றே. கூகுள் மேல் தப்பில்லை, பூட்டு பூட்டாக இருந்தது, சாவியைத்தான் நான் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் கோடுகள் தருவார்கள், அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். அதையும் செய்யவில்லை.

காப்பாற்றியது அம்மா. போன தடவை ஊரிலிருந்து வந்தபோது பாட்டு கேட்கட்டும் என்று என் பழைய போனைக் கொடுத்திருந்தேன். அது அலமாரியில் கிடந்தது. சார்ஜ் போட்டு வைஃபையில் இணைத்ததும், "உள்ளே நுழைவது நீங்கள்தானா?" என்று அந்தக் கீறல் விழுந்த திரையில் கேட்டது. அந்த 'ஆம்' பட்டனைத் தட்டியபோது வந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட வந்ததில்லை. இரண்டு எண்களையும் மூன்று இடத்தில் எழுதி வைத்தேன்.

புதன்கிழமை காலை அப்பா வந்தார், விரல் ரேகை வைத்தார், பதினொரு மணிக்கு சிம் உயிர் பெற்றது. அடுத்தது போலீஸ் ஸ்டேஷன்.

"எங்க ஏறினீங்க?" சொன்னேன். "எங்க இறங்கினீங்க?" அதையும் சொன்னேன். "ஏறினது எங்க லிமிட் இல்ல. இறங்கினதும் இல்ல." வீடு இந்த லிமிட்தான் சார் என்றேன். ரைட்டர் என் புகாரை வாங்கிப் படித்துவிட்டு, 'திருடு போய்விட்டது' என்ற இடத்தில் பேனாவை வைத்தார். "எடுத்ததைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. "அப்ப தவறவிட்டுட்டேன்னு எழுதிக் குடுங்க, சிஎஸ்ஆர் போட்டுத் தர்றேன்." திருட்டு என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் 'தவறவிட்டுவிட்டேன்' என்று மாற்றி எழுதினேன். போனை முடக்க, திருட்டு, தவறவிட்டது இரண்டில் எது இருந்தாலும் போதும், எனக்கு வேண்டியது புகார் வாங்கியதற்குத் தரும் அந்த சிஎஸ்ஆர் ரசீதுதான். கோழைத்தனம் என்றால் அப்படியே இருக்கட்டும்.

ரசீதை வாங்கியதும் அங்கேயே நின்று ஐஎம்ஈஐயை ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். எனக்கு ஒரு 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்தது. படியிறங்கிய பிறகு பார்த்து, திரும்ப ஏறி, இன்னொரு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தைத் திறந்தேன். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த வசதி, போனை எல்லா நெட்வொர்க்கிலும் முடக்கிவிடும். படிவத்தை நிரப்பி, ரசீதையும் அடையாள அட்டையையும் ஏற்றி, ஓடிபி கேட்டேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். சிக்னல் முழுசாக இருக்கிறது, கால் வருகிறது, எஸ்எம்எஸ் மட்டும் இல்லை. டூப்ளிகேட் சிம் போட்டால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி. தளத்திலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இதே காரணத்தால் புது போனில் யூபிஐயும் பதிவாகாது, அது நம் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் சரிபார்க்கிறது. ஆகவே கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் அப்பாதான் காசு கொடுத்தார்.

வியாழன் பதினொன்றரைக்கு முதல் எஸ்எம்எஸ் வந்தது, ஏதோ கடன் விளம்பரம். அதைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த பத்து நிமிடத்தில் படிவம் முடிந்தது. வெள்ளிக்கிழமை போன் முடக்கப்பட்டதாகக் காட்டியது. வாட்ஸ்அப்பும் அன்றே திரும்பியது. அதன் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான பின் நம்பர் நினைவில் இருந்தது, மறந்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

போன் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் அதே தளத்தில்தான் முடக்கத்தை நீக்க வேண்டும், அதற்குக் கோரிக்கை எண் வேண்டும். அப்பா ஊருக்குக் கிளம்புமுன் அந்த எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். வருகிற போகிக்குள் அதை வேறு எங்காவது எழுதிக்கொள்ள வேண்டும்.