இருக்கிறது இதுதான்

"இருக்கிறது இதுதான், தம்பி." அந்தப் பையனின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்.

களத்தில் நெல் தூற்றும்போது அவன் அப்பாவின் கண்ணில் தூசி விழுந்து, பூஞ்சைப் புண்ணாகி, மூன்று வாரம் நட்டாமைசின் சொட்டு மருந்து விட்டும் கேட்கவில்லை. அன்று மாலை கருவிழியில் ஓட்டை. இரவே தைத்தாக வேண்டும். தானமாக வந்து கிளிசரினில் பதப்படுத்தி வைத்திருந்த கருவிழியை எடுத்து உப்புநீரில் ஊறப் போட்டிருந்தோம். கண் நிற்கும், பார்வைக்கு இது ஆகாது என்றேன்.

"புதுசு இல்லையா சார்?"

இருந்தது. ஃப்ரிட்ஜில், 4 டிகிரியில், கருவிழியின் செல்களை உயிரோடு வைக்கும் எம்.கே. மீடியம் என்ற திரவத்தில், மூன்றாம் நாள். மறுநாள் காலை ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு என்று சீட்டு ஒட்டியிருந்தது.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பது உள்பக்கத்து ஒற்றை வரிசைச் செல்கள். செத்தால் திரும்ப முளைக்காது. கிளிசரினில் அவை பிழைப்பதில்லை. மிஞ்சுவது ஒட்டுப்போட ஒரு துணி. ஆனால் சிவந்து கொதிக்கிற கண்ணில் புதுத் திசுவை வைத்தாலும் பெரும்பாலும் வெளுத்துத்தான் போகும். முதலில் கண்ணைக் காப்பாற்று, பார்வைக்குப் பிறகு இன்னொன்று வை. யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

சரி, இதையே அவனிடம் சொல்லியிருக்கலாமே? நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஊறும் வரை சும்மாதானே நின்றிருந்தேன். கிண்ணத்தில் அது பழுப்பேறி, ஓரம் சுருங்கி, இடுக்கியால் தொட்டால் தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. மெல்ல மெல்லத்தான் இளகியது. அப்புறம் 16 தையல்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். அறுவை தள்ளிப்போனது. எம்.கே.யில் நான்கு நாள்தான் கணக்கு. 14 நாள் தாங்கும் மீடியத்தில் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அதை வேறு யாருக்காவது வைக்க முடியுமா என்று இரண்டு இடங்களுக்குப் போன் செய்தேன், ஆள் இல்லை. கெடு முடிந்ததும் அதையும் கிளிசரினில் போட்டுத் தேதி ஒட்டினோம். காய்ச்சல் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரிந்திருந்தாலும் அந்த ராத்திரி அதை எடுத்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அந்த ஒரு வரி ஏன் இன்னும் தொண்டையில் நிற்கிறது?

அவர் கண் இப்போது அமைதியாக இருக்கிறது; ஒட்டு வெள்ளையாக. இரண்டாம் அறுவைக்குப் பெயர் எழுதியிருக்கிறோம். போன வாரமும் பையன் கூட வந்திருந்தான்.

"புதுசு வந்திருக்கா சார்?"

இன்னும் இல்லை என்றேன். அவன் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.