தீவனத் தொட்டியின் நீளம்

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து "கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்கின்றன" என்று அழைப்பு வந்தால், கால்நடை மருத்துவரான நான் காயம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கொண்டையிலும் தலையிலும் ரத்தம் உறைந்திருந்தால் அது யார் பெரியவர் என்ற சண்டை. முதுகிலும் வாலடியிலும் இறகு பிடுங்கப்பட்டுத் தோல் சிவந்திருந்தால் காரணம் வேறு. நாளெல்லாம் மண்ணைக் கீறிக் கிளறி இரை தேடப் பிறந்த உயிர் கோழி. கிளற ஒன்றும் இல்லாத இடத்தில் அது பக்கத்துக் கோழியின் இறகைக் கிளறுகிறது. தீவனத்தில் உப்போ புரதமோ குறைந்தாலும் இதே கதைதான். வெளிச்சம் அதிகமாக இருந்தால் இன்னும் மோசம்.

பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். "வலுத்தது இளைத்ததை அடிக்கத்தானே செய்யும், டாக்டரம்மா? வல்லான் வகுத்ததுதானே வாய்க்கால்?" என்று கேட்டார் ஒரு பெரியவர், தலையில் ரத்தம் ஒழுகும் கோழி ஒன்றை என் முன் நீட்டியபடி. அவருடையது ஆழ்கூளக் கொட்டகை; கோழிகளைக் கூண்டில் அடைக்காமல் உமி பரப்பிய தரையில் விட்டு வளர்ப்பது. புதிதாக ஒரு தொகுதிக் கோழிகளை உள்ளே விட்டிருந்தார், தொட்டிகளைக் கூட்டவில்லை. முட்டைக்கோழி ஒன்றுக்குத் தீவனத் தொட்டியில் சுமார் 10 செ.மீ. இடம் வேண்டும். அங்கே அதில் பாதிகூட இல்லை. உமி பரப்பிய தரைமேல் இன்னும் சில தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டோம். பழைய தொட்டிகளிலிருந்து தள்ளி, வேறு மூலைகளில். சில நாட்களில் தலைக்காயங்கள் குறைந்துவிட்டன. கோழிகள் அதே கோழிகள்தான்.

அந்தப் பெரியவரின் வாக்கியத்தை நான் ஆய்வுக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். ஒருவர் இன்னொருவரை மிதிப்பதற்கு இயற்கையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பணிக்காலம் முழுவதும் அந்தச் சாட்சியின் பக்கத்தில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இயற்கை அப்படி வாக்குமூலம் கொடுக்கவில்லை.

கோழிகளுக்குள் வரிசை உண்டு என்பது உண்மை. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலேயே கோழிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு, எது எதைக் கொத்துகிறது என்று கவனித்து வந்தவர். 1921இல் அதையே ஆய்வேடாக எழுதினார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். அவருடைய கவனிப்பில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் பின்னாளில் அவர், கொடுங்கோன்மையே உயிர்கள் அனைத்துக்கும் அடிப்படை என்ற முடிவுக்குப் போனார். அந்த இடத்தில் நான் அவரை விட்டுப் பிரிகிறேன். புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழிகளைப் பாருங்கள். அங்கேயும் வரிசை இருக்கிறது. கடைசிக் கோழி கொத்து விழுமுன் குப்பைமேட்டின் மறுபக்கம் போய்விடுகிறது, அங்கே அதற்கும் புழு கிடைக்கிறது. நான்கு பக்கமும் அடைத்த இடத்தில், ஒரே தொட்டியின் முன்னால், அதே வரிசை ரத்தமாக மாறுகிறது.

குரங்குகளிலும் இதைக் கண்டவர் தெல்மா ரோவெல். 1960களில் உகாண்டாவின் இஷாஷாக் காட்டில் பபூன்களைப் பின்தொடர்ந்தவர், அடைத்து வைக்கப்பட்ட கூட்டம் ஒன்றையும் கவனித்தார். கூண்டில் ஓயாத சண்டை, அசைக்க முடியாத படிநிலை. காட்டில் அந்த அளவு அதட்டலும் அடிதடியும் அவர் கண்ணில் படவில்லை. 1974இல் எழுதிய கட்டுரையில் அவர் இன்னொன்றையும் சொன்னார்: படிநிலையைத் தாங்கிப் பிடிப்பது மேலே இருக்கும் விலங்கைவிடக் கீழே இருக்கும் விலங்குதான், ஒதுங்குவதும் பணிவதும் அதன் பக்கமிருந்துதான் வருகின்றன. மாட்டுக் கொட்டகையில் இதை எவரும் பார்க்கலாம். கூட்டத்தின் பெரிய பசு தொட்டிக்கு வரும்போது யாரையும் முட்டுவதில்லை, தலையைக்கூடத் தாழ்த்துவதில்லை. சின்னப் பசு முன்கூட்டியே கழுத்தைத் திருப்பி, வாயில் கவ்விய சோளத்தட்டையைப் பாதியில் விட்டு விலகிவிடுகிறது. என்றோ வாங்கிய ஒரு முட்டு அதற்கு நினைவிருக்கிறது.

ஓநாய்க் கூட்டத்துக்கு அடித்து ஆளும் தலைவன் ஒன்று உண்டு என்ற கதையும் அடைப்பிலிருந்துதான் கிளம்பியது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியது பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், பிறகு கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகள் இருந்துவிட்டு, 1999இல் தானே அதைத் திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். அவர் திருத்திய பிறகும் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் பழைய ஓநாய் இன்னும் உறுமிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

மரபணுப் பாடத்திலும் இதே மயக்கம். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பலர், ஓங்கு பண்பு (dominant, கலப்பில் வெளியே தெரியும் பண்பு) என்றால் வென்ற பண்பு, வலிமையான பண்பு என்றே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். மெண்டல் பட்டாணியில் கண்டது விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். ரோஜாக் கொண்டையையும் ஒற்றைக் கொண்டையையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் ரோஜாக் கொண்டை. அவற்றைத் தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு பொரிக்கிறது. அந்த மரபணு அழியவுமில்லை, நீர்த்துப்போகவுமில்லை; வெளியே தெரியாமல் முழுதாக இருந்திருக்கிறது. ரோஜாக் கொண்டை மரபணுவை இரட்டையாகப் பெற்ற சேவலுக்குக் கருவுறச் செய்யும் திறன் குறைவு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வேன். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதற்கும் மேன்மைக்கும் சம்பந்தமில்லை.

மனிதர்களிடையே ஆதிக்கம் என்ன செய்கிறது என்பதை நான் கற்றது ஒரு கட்டுத்தறியில். மாலை நேரம், கறவைப் பசு ஒன்று படுத்துக்கிடக்கிறது என்று வீட்டுக்காரர் அழைத்துப்போனார். இடது விலாக்குழி உப்பியிருந்தது. கையை அழுத்தினால் பிசைந்த மாவுபோலக் குழி விழுந்தது. சாணம் தண்ணீராக, புளித்த வாடையோடு, நடுநடுவே வெள்ளை வெள்ளையாக. "என்ன தின்றது?" என்று கேட்டேன். "வழக்கம்போலத்தான். வைக்கோல், கொஞ்சம் சோளத்தட்டை" என்றார் அவர், தயங்காமல். அவருடைய மனைவி கொட்டகைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். தீனி வைப்பவர், தண்ணீர் காட்டுபவர், பால் கறப்பவர், சாணம் அள்ளுபவர் எல்லாம் அவர்தான் என்பதைப் பசு அவர் பக்கமே தலையைத் திருப்பிக் கிடந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் உதடு அசைந்தது. பதில் வந்தது கணவரிடமிருந்து.

"கடைக்குப் போய்ச் சமையல் சோடா வாங்கி வாருங்கள், இருக்கிற பாக்கெட் எல்லாவற்றையும்" என்று அவரை அனுப்பினேன். மருந்துக்கு அது தேவை. அந்த அம்மா பேசுவதற்கும் தேவை. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும், "அக்கா, சோறு எவ்வளவு வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வளைகாப்பில் மீந்தது, டாக்டரம்மா. கொட்ட மனசு வரவில்லை. விடியற்காலையில் ஒரு அண்டா. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்."

அளவு தெரியாமல், நேரம் தெரியாமல் இந்த நோய்க்கு முடிவெடுப்பது கடினம். மாட்டின் பெருவயிற்றில் சோறு வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் மாடு போய்விடும். சோடாவும் குளுக்கோஸ் பாட்டிலும் போதுமா, வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தேவைப்பட்டது. பசு பிழைத்தது. திரும்பி வந்த கணவர், "சோறு போட்டது யார்?" என்று குரலை உயர்த்தினார். "யார் போட்டதென்று தெரிந்தால் மாட்டுக்கு என்ன லாபம்? தலையைப் பிடியுங்கள்" என்றேன். அந்த வீட்டில் எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள். அதனாலேயே அந்த வீட்டில் நடப்பதை மிகக் குறைவாக அறிந்தவர் அவராக இருந்தார்.

அலுவலகத்திலும் இதையே பெரிய அளவில் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மேலதிகாரி கத்திப் பேசுபவர். கூட்டத்தில் ஆளை எழுப்பி நிறுத்தி, வயதில் மூத்த உதவியாளர்களைக்கூட ஒருமையில் பேசுவார். கோமாரித் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். அங்கிருந்த குளிர்பதனப் பெட்டி இரவில் மின்சாரம் போய் வந்தால் சில வேளைகளில் மறுபடி ஓடாது. காலையில் கதவைத் திறக்கும் உதவியாளருக்கு அது தெரியும். சொன்னால், "நீ என்ன செய்தாய்?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்பதும் தெரியும். எனவே பதிவேட்டில் நாள்தோறும் 4 டிகிரி. விஷயம் வெளிவந்தபோது ஒரு முகாமுக்கான மருந்து முழுவதையும் கழிக்க வேண்டியதாயிற்று. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்" என்ற குறளைப் பள்ளியில் ஒப்பித்தவள்தான் நான். அது நேராக நடக்கும் விதத்தை அந்தப் பெட்டியின் முன் நின்றபோதுதான் பார்த்தேன். அரசனிடம் குறை சொல்ல ஆளில்லை என்றால் அவனுக்கு வரும் கணக்கெல்லாம் 4 டிகிரியாகவே இருக்கும்.

அந்த அதிகாரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருநாள் அவருக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசப் பேச நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "சரிங்க ஐயா" தவிர வேறு சொல் இல்லை, நெற்றியெல்லாம் வியர்வை. வைத்த கையோடு வெளியே வந்து, கார் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநரைத் திட்ட ஆரம்பித்தார். அடி வாங்கிய குரங்கு தனக்குக் கீழே உள்ளதைத் தேடிப்போய் அடிக்கும். அவரும் அடைப்புக்குள்தான் இருந்தார். இதனால் ஓட்டுநர்மீது நடந்தது நியாயமாகிவிடாது. ஆனால் அன்றுமுதல் அவர்மீது எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

சங்க இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரசன் போர்க்களத்தில் நிற்பவன் அல்லன். மோசிகீரனார் என்ற புலவர் வழி நடந்த களைப்பில், அரண்மனையில் வெறுமையாகக் கிடந்த கட்டிலில் படுத்துத் தூங்கிவிடுகிறார். அது முரசு வைக்கும் கட்டில். நீராட்டக் கொண்டுபோன முரசு திரும்பி வரவில்லை. அரசின் அடையாளமான அந்த இடத்தில் படுத்தவனை இரண்டு துண்டாக்கலாம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து, அவர் எழும்வரை வீசிக்கொண்டு நின்றான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு இது. தகடூர் இன்றைய தருமபுரி. நான் பணி நிமித்தம் அடிக்கடி போய்வந்த ஊர்ப்பக்கம். ஊரையே அழித்துப் பெயர் வாங்கியவன் அந்த அரசன் என்பதை மறந்து இந்தப் பாட்டைப் படிக்கக் கூடாது. அவன் சாதுவானவன் அல்லன். அடிக்கும் ஆற்றலும் உரிமையும் கையில் இருக்கும்போதே விசிறியை எடுத்தான். அதனால்தான் அந்தப் புலவர் பயமில்லாமல் பாட முடிந்தது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னதும் தீவனக் கணக்குத்தான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் 'மா' என்ற நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாளுக்கு ஆகும். நூறு வயலானாலும் யானை தானே புகுந்தால் "வாய்புகுவதனினும் கால் பெரிது கெடுக்கும்". வரி வாங்கும் அரசனுக்குச் சொன்னது. வேலை வாங்கும் எவருக்கும் பொருந்தும்.

ஒரு மருந்தகத்தின் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் செய்தவை பண்ணையில் செய்தவையே. விடுப்பும் முகாம் பணியும் என் ஒருத்தியின் கையெழுத்தை நம்பி இருந்தன; அதாவது ஒரே தொட்டி. ஊழியர்களே முறை வைத்துப் பலகையில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டேன். குளிர்பதனப் பெட்டியின் பதிவேட்டை உதவியாளரிடம் ஒப்படைத்து, பழுது என்று எழுதினால் முதலில் மருந்தைக் கவனிப்போம், ஆளைக் கேள்வி கேட்பது இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். வந்தால் எழுந்து நிற்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். சிலருக்கு இது நெடுநாள் பிடிபடவில்லை.

கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி கவனித்துவந்த பபூன் கூட்டம் ஒன்றில், 1980களில், சுற்றுலா விடுதியின் குப்பையில் கிடந்த இறைச்சியிலிருந்து காசநோய் பரவியது. குப்பைக்காகச் சண்டையிடப் போன முரட்டு ஆண்கள்தான் செத்தன. எஞ்சிய கூட்டம் சாந்தமாயிற்று. ஆண் பபூன்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்ச் சேர்பவை. பத்தாண்டு கழித்து, பழைய ஆண்களில் ஒன்றுகூட மிஞ்சாத நிலையில், வெளியிலிருந்து வந்து சேர்ந்தவையும் அதே சாந்தத்தோடு இருந்தன. வந்த இடத்தில் தம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்து அவை மாறியிருக்கின்றன.

எங்கள் மருந்தகத்துக்கு வேறோர் இடத்திலிருந்து மாறுதலில் ஓர் இளைஞர் வந்தார். தொடக்கத்தில் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் சுவரோரம் ஒதுங்குவார். கேட்டதற்கெல்லாம் "சரியாக இருக்கிறது மேடம்" என்பார். மற்றவர்கள் பதிவேட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் போலும். முகாம் நாளொன்றின் காலையில் அவருடைய கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "பெட்டிக் கதவு சரியாக மூடப்படவில்லை. 13 டிகிரி. நேற்று மாலை மூடியது நான்." அந்தக் குப்பிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து வேறு மருந்து வரவழைத்து, அவரையும் அழைத்துக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினோம்.